வெட்டுவதற்கென்று எழுதிய மூன்று வரிகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஊரின் ஒரு கோடி மாதாப்பூரிலிருந்து மறு கோடி ஏ.எஸ்.ராவ் நகர் வரைக்கும் டிராஃபிக்கில் இடிபட்டு என் வீட்டுக்கு வந்த உங்கள் ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஹெச்.ஆர். வேலைக்குப் புதிது, ஆபீஸ் கடிதம் எழுதப் பிடிபடவில்லை, கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் ஆன்ட்டி என்றீர்கள். நானும் காபி கொடுத்து, முறுக்கு கொடுத்து, ஊர்க்கதை பேசி அனுப்பிவிட்டேன். ஆனால் கிளம்பும்போது உங்களில் ஒரு பெண் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள். "எங்க மேனேஜர் எதை அனுப்பினாலும் திருத்தாம விடமாட்டேங்கறார் ஆன்ட்டி, அவரைச் சமாளிக்க ஏதாவது டிரிக் இருக்கா?"

இருக்கிறது. நானே கண்டுபிடித்தது. அன்றைக்கு வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அதைச் சொன்னால் அதனால் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், வாசலில் நின்று சொல்கிற விஷயம் இல்லை அது.

குஷாய்குடா பக்கத்தில் மின்விசிறி மோட்டார் செய்கிற ஒரு தனியார் கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மென்டில், உங்கள் ஹெச்.ஆர்.தான் அது, முப்பத்தொரு வருஷம் இருந்தேன். என் வேலை கடிதம் எழுதுவது. எழுதுவது மட்டும்தான், கையெழுத்து மேனேஜருடையது. வேலை உத்தரவு, இடமாற்றம், எச்சரிக்கை, இரங்கல், சுற்றறிக்கை, எல்லாவற்றுக்கும் டிராஃப்ட் என் மேஜையிலிருந்து போகும். எந்தக் காகிதத்திலும் என் பெயர் இருக்காது. கர்வம் மட்டும் நிறைய இருந்தது. இந்த ஆலையில் எல்லாருடைய வாழ்க்கையும் என் கையெழுத்துப் பிரதியில்தான் தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் வரும்.

எனக்கு வாய்த்த மேனேஜர் நல்ல மனிதர். ஆனால் பேனாவை மூடத் தெரியாதவர். நாலு வரிக் கடிதம் கொண்டுபோனாலும் எங்கேயாவது ஒரு அடி அடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நன்றாக இருக்கிற வாக்கியத்தைக் குடைந்து, அர்த்தத்தைக் கெடுத்து, "இப்ப பாரு, எப்படி இருக்கு" என்பார். கெட்டுப்போனதை மறுபடி டைப் அடித்து அனுப்ப வேண்டியது என் தலையெழுத்து. மூன்று வருஷம் பல்லைக் கடித்தேன். பிறகு ஒருநாள் எதேச்சையாக ஒரு எச்சரிக்கைக் கடிதத்தில் கோபத்தோடு இரண்டு வரி கூடுதலாக எழுதிவிட்டேன். அவர் அந்த இரண்டையும் சந்தோஷமாக வெட்டினார். "இவ்வளவு காரம் வேண்டாம்மா" என்று எனக்கு உபதேசம் வேறு. மீதிக் கடிதத்தைத் தொடவே இல்லை.

எனக்கு அன்றைக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி. அதிலிருந்து ஒவ்வொரு டிராஃப்டிலும் அவர் வெட்டுவதற்கென்றே இரண்டு மூன்று வரி சேர்க்க ஆரம்பித்தேன். அது கண்ணில் படும்படி இருக்க வேண்டும், கொஞ்சம் அதிகப்படியாக இருக்க வேண்டும். வெட்டினால் அவருக்குப் பெருந்தன்மையாகத் தோன்ற வேண்டும். அந்த வரிகளுக்குப் பலியாடு என்று பெயர் வைத்தவன் தபால் அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த சம்பத். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அவனுடையது. பேச்சில் பாதி தக்கினி, எங்கள் ஊர் உருது.

"க்யா ஃபிலோ, இன்னைக்கு ஆட்டை எங்க கட்டிருக்க?" என்று என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே வருவான்.

"ரெண்டாவது பாராவுல. நல்லா கொழுத்தது" என்பேன்.

பத்து வருஷம் இப்படி ஓடியது. ஒரு ஆடுகூட உயிரோடு வெளியே போனதில்லை. டிராஃப்ட் எழுத உட்காரும்போது நான் போடுகிற திட்டமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: மேனேஜரின் பேனா எங்கே வந்து நிற்கும்? எழுதத் தெரிவது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால் மேனேஜர் அறுவை சிகிச்சைக்காக இரண்டு மாத விடுப்பில் போனார். உற்பத்தித் தலைவரிடம் எங்கள் டிபார்ட்மென்டைப் பொறுப்பாகக் கொடுத்தார்கள். அவர் எஞ்சினியர். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "மேடம், இந்தக் கடிதமெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க இத்தனை வருஷமா எழுதறீங்க. கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார். என்னை இப்படி யாரும் மதித்ததில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அந்த வாரம் யாதகிரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

யாதகிரி பெயின்ட் ஷாப்பில், மோட்டாருக்கு வண்ணம் அடிக்கிற பிரிவில், இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்தவர். கீசரா பக்கத்தில் வீடு. ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம் இருந்தது. ஒரே பெண், காலேஜில் இரண்டாம் வருஷம். அவர் ஃபைல் மெலிசாக இருக்கும், ஏனென்றால் அவர் மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒன்பது நாள் தகவல் இல்லாமல் வரவில்லை என்று ஷாப்பிலிருந்து குறிப்பு வந்தது. இதற்கு வழக்கமான கடிதம் ஒன்று உண்டு. இந்தத் தேதியிலிருந்து வரவில்லை, ஏன் என்று எழுத்தில் விளக்கம் கொடுங்கள். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் இங்கிலீஷில் எழுதினேன். கை பழக்கத்தில் கடைசியில் மூன்று வரி ஆடும் கட்டினேன். உங்களைப் போன்ற பொறுப்பில்லாதவர்களால்தான் பிரிவின் பெயர் கெடுகிறது. சேர்ந்து வேலை செய்பவர்களைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை. வேலையில் தொடர உங்களுக்கு விருப்பம் இல்லை என்றே நிர்வாகம் கருதுகிறது.

எழுதும்போது எனக்கு யாதகிரி மேல் ஒரு கோபமும் இல்லை. அவர் முகம்கூட நினைவில் வரவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற மேனேஜர் முகம்தான் வந்தது, அவர் வெட்டுவார் என்று. வெட்டுகிற ஆள் லீவில் இருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பொறுப்பு மேனேஜர் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார். ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கத்தைப் பார்த்து, "நீங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்திட்டார். சம்பத் அதைப் பதிவுத் தபாலில் சேர்த்தான். நான் அடுத்த ஃபைலை எடுத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். யாதகிரி வந்திருக்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார், பர்சனல்காரர்கள் இங்கே வந்து ஒரு காகிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சம்பத்தும் நானும் போனோம். தபால் வாங்கினால் போட வேண்டிய முத்திரையைச் சம்பத் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

யாதகிரி செக்யூரிட்டி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அடையாள அட்டை, லாக்கர் சாவி, யூனிஃபார்ம் இரண்டு செட், எல்லாம் துவைத்து மடித்து ஒரு பையில். கையில் தெலுங்கில் எழுதிய ராஜினாமா. அவர் தெலுங்கில்தான் பேசினார், நான் தமிழில் தருகிறேன்.

"முத்திரை போட்டு ஒரு காப்பி குடுங்க மேடம். நான் கிளம்பறேன்."

"என்ன ஆச்சு யாதகிரி? விளக்கம்தானே கேட்டிருக்கோம்?"

"விளக்கமா?" என்றார். சத்தம் போடவில்லை. "என் பொண்டாட்டி மாடிப்படியில விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. அரசாங்க ஆஸ்பத்திரி, அப்புறம் வீடுன்னு இத்தனை நாளும் கூடவே இருந்தேன். முதல் நாளே சூப்பர்வைசருக்கு போன் பண்ணிச் சொன்னேன். அதுக்கு இப்படியா எழுதறது?"

பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த கடிதத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். மூன்று வரியும் அப்படியே இருந்தன.

"எனக்கு இங்கிலீஷ் வராது. என் பொண்ணு படிச்சு, தெலுங்குல சொன்னா. கடைசியில வந்ததும் நிறுத்திட்டா. சொல்லும்மா சொல்லும்மான்னு நான்தான் கேட்டேன். அழுதுகிட்டே சொன்னா. வேலையில இருக்க எனக்கு இஷ்டமில்லைன்னு கம்பெனியே முடிவு பண்ணிடுச்சு. அப்புறம் நான் எதுக்கு?"

அந்த வருஷம் வயதானவர்களைக் குறைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தானாகப் போகிறவர்களைத் தடுக்க வேண்டாம் என்று எங்களுக்கு வாய்மொழி உத்தரவு. அந்த ராஜினாமாவில் முத்திரை விழுந்தால் மறுநாளே ஏற்றுக்கொண்டு பதில் வந்துவிடும். அந்தப் பதிலையும் நான்தான் எழுதுவேன்.

சம்பத் என் முழங்கையைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தினான். "ஃபிலோ, கைக்கு டென்ஷன், எதுக்குப் பயப்படறே? அந்த லெட்டரை வாங்கிடு. அதே நம்பர், அதே தேதியில ஆடு இல்லாம ஒண்ணு அடிச்சுத் தர்றேன். ஆபீஸ் காப்பியையும் மாத்திடலாம். டைப்பிங் தப்புன்னு சொல்லிக்கோ. யாருக்கு என்ன தெரியப் போவுது?"

ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே வந்தது. அந்த மாதம்தான் துணை மேனேஜர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருந்தது. நான் கையை நீட்டி, "லெட்டரைக் குடுங்க, பார்க்கறேன்" என்றேன். யாதகிரி கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இங்கிருந்தே பாருங்க" என்றார். நான் உத்தமி என்பதால் அந்தத் தப்பைச் செய்யாமல் விட்டதாக நீங்கள் நினைக்கக் கூடாது. அவர் காகிதத்தை விடவில்லை, அதனால் செய்யவில்லை.

வேறு வழி இல்லாமல் உண்மையைச் சொன்னேன். அந்த மூன்று வரியை எழுதியது நான். உங்களை நினைத்து எழுதவில்லை. எங்கள் மேனேஜருக்கு எதையாவது வெட்டினால்தான் திருப்தி, அவர் வெட்டுவார் என்று சேர்த்தேன். இந்தத் தடவை அவர் இல்லை, அப்படியே போய்விட்டது. சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

அவர் கடிதத்தின் மேல் பகுதியில் விரலை வைத்துக் காட்டினார். "மேலே என் பேரு போட்டிருக்கே மேடம். என் வீட்டு அட்ரஸ் போட்டிருக்கே. படிக்கப் போறது நான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று எப்படிச் சொல்வது? தெரியும் என்றுதான் எப்படிச் சொல்வது? பத்து வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன், ஒருவர்கூட அதை வீட்டில் உட்கார்ந்து படிப்பதாக நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் இந்த ராஜினாமாவை நீங்களே வெச்சுக்கங்க. நான் சரி பண்றேன்" என்றேன்.

"வாயால சொன்னா வேண்டாம். சூப்பர்வைசர்கிட்ட வாயால சொல்லித்தான் இப்படி நிக்கறேன். தபால்ல வந்தது தபால்லயே திரும்பணும். சனிக்கிழமைக்குள்ள வரலேன்னா திங்கட்கிழமை பேசாம முத்திரை போட்டுத் தரணும். போடுவீங்களா?"

"போடறேன்" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனார்.

மணி ஒன்றரை. நாலு மணிக்குத் தபால் கவுன்ட்டர் மூடிவிடும். முதலில் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசரைப் பிடித்தேன். தலையைச் சொறிந்துகொண்டே, ஆமாம் மேடம், போன் வந்தது, எழுதி வைக்க மறந்துவிட்டேன் என்றார். திட்ட நினைத்து வாயை மூடிக்கொண்டேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

பிறகு எழுத உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் அவ்வளவு பயந்து நான் பேனாவைத் தொட்டது அன்றைக்குத்தான். முதல் டிராஃப்டில் தவறுதலாக, துரதிர்ஷ்டவசமாக, கவனக்குறைவால் என்று வரிசையாக வந்தது. படித்துப் பார்த்தால் யாரோ எங்கேயோ செய்த தப்பு மாதிரி இருந்தது. கிழித்தேன். இரண்டாவது ஒன்றரைப் பக்கம். அதில் முக்கால்வாசி என் அழுகை. யாதகிரிக்கு அதை வைத்து என்ன செய்வது? அதையும் கிழித்தேன். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். இந்தக் கவரை யார் வாங்குவார்? யார் பிரிப்பார்? வீட்டில் யார் யார் இருப்பார்கள்? கட்டிலில் இடுப்பில் கட்டுடன் அந்த அம்மா. பக்கத்தில் அவர். இங்கிலீஷில் எழுதினால் மறுபடி அந்தப் பெண்தானே படித்துச் சொல்ல வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவள் நான். தெலுங்கிலேயே எழுதினேன். கம்பெனி லெட்டர் தெலுங்கிலா என்று சம்பத் வாயைப் பிளந்தான். "அவரே படிக்கணும். பொண்ணு படிச்சுக் காட்டக் கூடாது" என்றேன். இவ்வளவுதான் எழுதினேன்:

உங்களுக்கு வந்த கடிதத்தின் கடைசி மூன்று வரிகளை எழுதியவள் நான். அவை உண்மை இல்லை. நீங்கள் முதல் நாளே சூப்பர்வைசருக்குத் தகவல் சொன்னீர்கள் என்பதை இன்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் உங்கள் மேல் ஒரு குறையும் பதிவாகவில்லை. அந்தக் கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. உங்கள் மனைவிக்குத் துணை தேவைப்படும் நாட்களுக்கு விடுப்பு எழுதிக் கொடுங்கள். மற்றபடி திங்கட்கிழமை வேலைக்கு வாருங்கள். உங்களையும் உங்கள் வீட்டாரையும் நோகடித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மூன்று மணிக்குப் பொறுப்பு மேனேஜர் மீட்டிங்கிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு, பத்து வருஷக் கதை, எதையும் விடவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"உங்களை நம்பிப் படிக்காம போட்டேன் மேடம். அதுக்கு இதுதான் மரியாதையா?"

"தப்புதான் சார்."

"கம்பெனி மன்னிப்புக் கேட்டு லெட்டர் எழுதாது. கடிதம் வாபஸ்னு ஒரு வரி இங்கிலீஷ்ல குடுங்க, கையெழுத்துப் போடறேன். அதுக்கு மேல ஒரு எழுத்தும் கிடையாது."

"ஒரு வரி பத்தாது சார். அவர் வர மாட்டார்."

"அப்ப உங்க லெட்டர்ல நீங்க கையெழுத்துப் போட்டுக்கங்க. ஆனா நடந்ததை உங்க ஃபைல்ல நான் எழுதித்தான் ஆகணும்."

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவருடைய ஒரு வரியை இந்தத் தடவை அவர் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். அதன் பின்னால் என் கடிதத்தைச் சேர்த்தேன். கீழே என் பெயரை எழுதினேன், அந்த ஆலையிலிருந்து என் பெயரோடு வெளியே போன முதல் கடிதம். சம்பத் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தபாலில் சேர்த்தான். பொறுப்பு மேனேஜரும் சொன்னபடி என் ஃபைலில் எழுதினார். துணை மேனேஜர் பட்டியலில் என் பெயர் வரவில்லை. பிறகும் வரவில்லை. வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. இப்போதும் சில சமயம் இருக்கிறது.

சனிக்கிழமை ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே போய் கேட்டில் நின்றேன். முத்திரையைக் கைப்பையில் வைத்திருந்தேன். சொன்ன வார்த்தை சொன்னதுதானே.

யாதகிரி வந்தார். யூனிஃபார்மில் வந்தார். என்னைப் பார்த்து நிற்காமல், லேசாகத் தலையசைத்துவிட்டு வரிசையில் போய் அட்டையைத் தட்டி உள்ளே போனார். மாதாவே என்று செக்யூரிட்டியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். தோளில் காலேஜ் பை. அப்பாவின் அதே நெற்றி.

எழுந்து போனேன். "நீங்கதானா மேடம் அந்த லெட்டர் எழுதினது?" என்றாள்.

"ஆமாம்மா."

"ரெண்டாவதும்?"

"ரெண்டாவதும் நான்தான். அப்பாவே படிக்கட்டும்னுதான் தெலுங்குல எழுதினேன்." அதைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, ஒளிக்க மாட்டேன்.

"படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினார்." அவள் பையின் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். "நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்தது மேடம். ஆனா முதல் லெட்டரை எங்கப்பா படிக்கலை. என் குரல்லதான் கேட்டார். பொறுப்பில்லாதவன்னு அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னது நான். அதுக்கப்புறம் வீட்டுல நான் எதைப் படிச்சாலும், கரண்ட் பில்லா இருந்தாக்கூட, அவர் தலையைக் குனிஞ்சுக்கறார். அதை எப்படி வாபஸ் வாங்கறது?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.